பதக்கம் எங்கள் வீட்டில், பெயர் உங்கள் காப்பகத்தில்: பிரெஞ்சு ஆயுதப்படைத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பிரெஞ்சுக் குடியரசின் ஆயுதப்படைத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அத்துறையின் ஆவணக் காப்பகங்களைப் பொறுப்பில் வைத்திருப்போருக்கும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு துணைத் தூதரகத்தாருக்கும் வணக்கம்.

கடல் கடந்த நாடுகளில் நடந்த படை நடவடிக்கைகளில் பங்கேற்றவர்களுக்கு உங்கள் அரசு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பதக்கத்தை வழங்கி வருகிறது. 1962 வரை அது 'மெதாய் கொலோனியால்', அதாவது காலனிப் பதக்கம் என்று வழங்கப்பட்டது. அதன் பிறகு 'மெதாய் துத்ருமேர்', அதாவது கடல்கடந்த பணிப் பதக்கம் எனப் பெயர் மாறியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பல வீடுகளில் அந்தப் பதக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதை அணிந்தவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த ஆண்டில், எந்தப் போர்முனைக்காக அதைப் பெற்றார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. பதில் உங்கள் காப்பகக் கோப்புகளில் இருக்கிறது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று இப்பதக்கம் பெற்றவர்களின் பெயர்களை அக்கோப்புகளிலிருந்து எடுத்துத் தொகுத்து, எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேடாக வெளியிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

பதக்கத்தின் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனினும் இம்மடலைப் படிக்கும் எங்கள் ஊர் இளைஞர்களில் பலருக்கு அது தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1893 சூலை 26-ஆம் நாள் நிறைவேறிய நிதிச் சட்டத்தின் ஒரு பிரிவே இப்பதக்கத்தை உருவாக்கியது. காலனிகளிலும், பிரான்சின் பாதுகாப்பின் கீழ் இருந்த நாடுகளிலும் நடந்த போர் நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர்களுக்கென அது ஏற்பட்டது. சிற்பி ஜோர்ஜ் லெமேர் வடித்த அந்த வெள்ளிப் பதக்கத்தின் ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த குடியரசின் உருவமும், மறுபக்கம் போர்க்கருவிகளின் மீது அமர்ந்த பூகோள உருண்டையும் இருக்கும். வெளிர் நீலமும் வெள்ளையும் கலந்த நாடாவில் பிறைவடிவக் கொக்கி கொண்டு அது தொங்கும். அந்த நாடாவில் கோக்கப்படும் சிறு உலோகப் பட்டையை, 'அக்ராஃப்' என்று நீங்கள் சொல்வதை, நான் பதக்கத்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் அணிந்தவர் எந்த மண்ணில் நின்றார் என்பதைச் சொல்வது அது ஒன்றுதான். தாகோமே (இன்றைய பெனின்), மடகாஸ்கர், மொரோக்கோ, தோங்கேன் (வட வியட்நாம்) போர்களுக்கான பட்டைகளிலிருந்து தொடங்கி, படை அதிகாரி மர்ஷானின் குழு அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் வரை ஆப்பிரிக்காவைக் கடந்ததற்குத் தரப்பட்ட தங்கப் பட்டை வரை, பிரெஞ்சுப் பேரரசு பரவிய திசைகள் எல்லாம் அந்தப் பட்டைகளில் பதிந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் செர்மனிக்கு எதிராகத் தொடர்ந்து போரிட்ட சுதந்திர பிரான்சின் படைகள் நின்ற கூஃப்ரா, எரித்திரேயா, பீர் ஹக்கீம் முதலிய இடங்களும் பின்னர் அவற்றில் சேர்ந்தன.

இனி எங்கள் பங்கைச் சொல்கிறேன். பிரெஞ்சுக் கும்பினியின் காலத்திலிருந்தே புதுச்சேரியில் சிப்பாய்ப் படை இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து தன்னார்வலர்கள் சென்றார்கள். திரும்பாதவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவகம் 1938-இல் கடற்கரைச் சாலையில் திறக்கப்பட்டது. 1940-இல் பிரான்சு வீழ்ந்தபோது, பேரரசின் பெரும்பகுதி செர்மனியோடு இணங்கிப்போன விஷி அரசின் பக்கம் நிற்க, ஆளுநர் லூயி போன்வேன் செப்டம்பர் மாதத்திலேயே பிரெஞ்சிந்தியாவைச் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தார். எங்கள் ஊர்களிலிருந்து மீண்டும் இளைஞர்கள் கப்பலேறினார்கள். போருக்குப் பின் இந்தோசீனாவுக்கு (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) போனவர்களும் உண்டு. சைகோனுக்கும் புதுச்சேரிக்கும் இடையே அலுவலர்களாகவும், காவலர்களாகவும், வணிகர்களாகவும், படைவீரர்களாகவும் தமிழர்கள் போய்வந்த பாதை அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகத் திறந்திருந்ததால், படையில் சேர்வது எங்கள் குடும்பங்களுக்கு அந்நியமான வேலையாகத் தோன்றவில்லை. அப்படிச் சேர்ந்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்றே சொல்வோம். சொல்தா வீடு, சொல்தா பேரன் என்ற அடையாளங்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. நானும் அப்படி அறியப்பட்ட வீட்டில் பிறந்தவன்.

அந்த வீடுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பான்சியோன், அதாவது ஓய்வூதியம், தொடர்பான தாள் ஒவ்வொன்றும் இரும்புப் பெட்டியில், துணியில் சுற்றி, கணவருக்குப் பின் மனைவிக்கும் ஓய்வூதியம் தொடர வேண்டும் என்ற கவலையோடு பாதுகாக்கப்பட்டிருக்கும். பதக்கத்தோடு வந்த சான்றிதழ் அப்படிப் பாதுகாக்கப்படவில்லை. அதைக் காட்டினால் பணம் வரும் என்ற நிலை இல்லாததால், அது சுவரில் மாட்டப்பட்டு, மழையில் நனைந்து, கரையான் அரித்து, வீடு பாகம் பிரித்தபோது தொலைந்துபோனது. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. என் பாட்டனாரின் பதக்கத்தில் தூர கிழக்கைக் குறிக்கும் பட்டை இருப்பதால் அவர் இந்தோசீனாவில் பணியாற்றினார் என்று மட்டும் சொல்ல முடிகிறது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் பாட்டி சொன்ன கதைகள்தாம். அக்கதைகளில் ஊர்ப்பெயர்களும் ஆண்டுகளும் கலந்துபோயிருக்கின்றன.

சான்றிதழ் போனால் பதக்கமே சாட்சி சொல்லாதா என்று கேட்கலாம். பிரித்தானியப் படையில் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்களின் பதக்கங்களில், விளிம்பில் அவரவர் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அதனால் வேலூரிலோ பஞ்சாபிலோ ஒரு பழைய பதக்கம் கிடைத்தால் அது யாருடையது என்று தேடத் தொடங்கலாம். பிரெஞ்சுப் பதக்கங்களில் பெற்றவரின் பெயரைப் பொறிக்கும் வழக்கமில்லை. குடும்பத்தின் நினைவிலிருந்து நழுவிய நொடியிலேயே அது யாருடையதும் இல்லாமல் போகிறது. பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால் எடைக்கு விலை போகும் வெள்ளியாகவோ, சேகரிப்பவரின் பேழையில் ஒரு வகைமாதிரியாகவோதான் அது இருக்க முடியும். ஆகவே எங்களைப் பொறுத்தவரை பதக்கத்துக்கும் மனிதருக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஒரே இணைப்பு, அவருடைய பணிவரலாற்றைக் காட்டும் படைத்துறைக் கோப்புதான்.

அந்தக் கோப்புகள் அழிந்துவிட்டன என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். படைத்துறை ஆட்களின் காப்பகம் பிரான்சின் போ (Pau) நகரில் இருக்கிறது. படைத்துறை வரலாற்றுப் பிரிவு வேன்சேன் கோட்டையில் இருக்கிறது. கடல்கடந்த படைகளின் வரலாற்றுக்கெனத் தனி மையம் ஃபிரேழுய்சில் இருக்கிறது. காலனிகளின் நிர்வாக ஆவணங்களும், பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளும் ஏக்ஸ் நகரிலுள்ள தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. இவ்வளவு ஒழுங்காகத் தாள்களைக் காத்துவைத்த நாடு உலகில் அதிகமில்லை என்று நான் உளமாரச் சொல்வேன். ஆனால் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும் அத்தாள்களுக்குள் புதுச்சேரிக்காரர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது, பிரெஞ்சு மொழியில் தேர்ச்சியும், பிரான்சுக்குச் சென்று தங்கும் வசதியும் உள்ளவருக்கே கடினம். முத்தியால்பேட்டையில் இருக்கும் முதிய பெண்மணி ஒருவர் தம் தந்தையைப் பற்றி எப்படி அறிந்துகொள்வார்?

பெயர்களால் வரும் சிக்கலை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம் எங்களிடம் இல்லை. தந்தை பெயரை முன்வைத்துத் தம் பெயரைச் சொல்வதே எங்கள் முறை. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சொந்த வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் மட்டும் புதிய குடும்பப் பெயர்களைத் தேர்ந்துகொண்டார்கள்; மற்றவர்கள் பழைய முறையிலேயே இருந்தார்கள். படையில் சேர்க்கும் எழுத்தர் ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார், மற்றொருவர் வீரரின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கினார். சுப்பராயன், கனகராசு, முத்து போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் காதுக்கு எட்டியபடியெல்லாம் எழுதப்பட்டன. ஒரே மனிதர் ஊர்ப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், படைக் கோப்பில் வேறு விதமாகவும், ஓய்வூதியத் தாளில் மூன்றாவது விதமாகவும் இருப்பதை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். இந்த மூன்றையும் ஒரே ஆளென்று அடையாளம் காண்பதற்குத் தமிழ்ப் பெயர்களின் அமைப்பும், எங்கள் ஊர்களும் தெருக்களும் தெரிந்தவர்கள் வேண்டும். அத்தகையவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்கள், பழைய பதிவுத்துறை எழுத்தர்கள், முன்னாள் வீரர்களின் சங்கங்களில் கணக்கு எழுதியவர்கள் எனப் பலர். அவர்களுடைய வயதைப் பார்க்கும்போதுதான் இந்த வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றுகிறது.

இறந்தவர்களுக்கு ஏற்கெனவே மரியாதை செய்கிறோமே என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11-இலும் சூலை 14-இலும் கடற்கரைச் சாலை நினைவகத்தில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. முன்னாள் வீரர்கள் பதக்கங்களை அணிந்து வந்து நிற்கிறார்கள். இரு நாடுகளின் பண்ணும் இசைக்கப்படுகிறது. பிரான்சுக்காக உயிர்நீத்தவர்களின் பெயர்களை உங்கள் அமைச்சே இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டிருப்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். நான் பேசுவது உயிரோடு திரும்பியவர்களைப் பற்றி. கல்லில் பெயர் வெட்டப்படுவதற்கு அவர்கள் சாகவில்லை. வரலாற்று நூலில் இடம்பெறுவதற்குப் பெரிய பதவியிலும் இருக்கவில்லை. காடுகளிலும் பாலையிலும் சில ஆண்டுகளைக் கழித்து, காய்ச்சலோடும் காயத்தோடும் ஊர் திரும்பி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அமைதியாக இறந்துபோனார்கள். அவர்கள் வாழ்க்கைக்கு உங்கள் அரசு கொடுத்த ஒரே பொதுச் சான்று இந்தப் பதக்கந்தான். அதனால்தான் அதைச் சுற்றிப் பதிவேடு ஒன்று எழ வேண்டும் என்கிறேன்.

1962-ஆம் ஆண்டு எங்களுக்கு எப்படிப்பட்டது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு சூன் 6-ஆம் நாள் ஆணையால் காலனிப் பதக்கம் தன் பழைய பெயரை விட்டது. அடுத்த சில வாரங்களில், 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க, ஆகஸ்ட் 16-ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தன. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அப்படித் தெரிவித்தார்கள். மற்றவர்கள் இந்தியக் குடிமக்களானார்கள். ஒரே படைப்பிரிவில் ஒன்றாகப் பணியாற்றி ஒரே பதக்கத்தைப் பெற்ற இருவர், அந்த ஆறு மாதத்திற்குப் பின் இரு வேறு நாடுகளின் குடிகளாக ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். பதிவேடு தொகுக்கும்போது இந்த வேறுபாட்டைப் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான வேண்டுகோள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துக்குத் தூதரகத்தின் கதவு தெரியும்; இந்தியராகிவிட்ட சொல்தாவின் பேரனுக்கு யாரிடம் போய்க் கேட்பதென்றே தெரியாது. தேடித் தர வேண்டியது அவனுக்குத்தான் முதலில்.

இதற்கு முன்மாதிரி உங்கள் நாட்டிலேயே உண்டு. முன்னாள் காலனிகளைச் சேர்ந்த வீரர்களின் ஓய்வூதியத்தை 1959-ஆம் ஆண்டு நிதிச் சட்டப் பிரிவு ஒன்று உறைய வைத்தது. ஒரே போரில் நின்றவர்களுக்குக் குடியுரிமையைப் பார்த்து வேறு வேறு தொகை தரும் அம்முறைக்கு எதிராகச் செனெகல் நாட்டு முன்னாள் வீரர் ஒருவரின் வழக்கில் 2001-இல் கோன்சேய் தேத்தா எனும் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010 மே 28 அன்று அரசியலமைப்பு மன்றமும் அந்த வேறுபாட்டைச் செல்லாதது என்றது. 2011 முதல் தொகைகள் சமமாக்கப்பட்டன. அதற்குள் பயன்பெற வேண்டியவர்களில் மிகப் பலர் இறந்துவிட்டார்கள். பணம் காலத்தில் வந்து சேராமற்போனதை இனி யாராலும் சரிசெய்ய முடியாது. பெயர்களை மீட்பதற்கு அத்தகைய தடை ஏதுமில்லை. கோப்பு இருக்கும்வரை அது செய்யத்தக்க வேலை.

இந்தக் கோரிக்கையில் எனக்கு ஒரு மனச்சங்கடம் உண்டு. அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை. இப்பதக்கம் பிறந்தது படையெடுப்புகளிலிருந்து. அதன் பட்டைகளில் பெயர் பொறிக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்த மக்கள், தங்கள் ஊருக்குள் நுழைந்த அந்நியப் படையாகவே அதை அணிந்தவர்களைக் கண்டார்கள். எங்கள் முன்னோர் அடிமைப்பட்ட நாட்டிலிருந்து புறப்பட்டு, விடுதலைக்காகப் போராடிய வியட்நாமியர்களுக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களுக்கு வேறு வழி இருந்ததா, அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நாங்கள் அறிய விரும்புகிறோம். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட எங்களுக்கு விருப்பமில்லை. ஆகவே நான் கேட்கும் பதிவேடு புகழ்மாலையாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டையும் எந்தப் போரைக் குறிக்கிறது, அங்கே என்ன நடந்தது, எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பவற்றை வரலாற்று அறிஞர்கள் எழுதிச் சேர்க்கட்டும். உங்கள் அரசால் இது முடியும் என்பதற்கும் சான்று உண்டு: இதே பதக்கத்தில் ருவாண்டா என்ற பட்டையை வழங்கிய அரசுதான், அந்நாட்டில் 1994-இல் நடந்த இனப்படுகொலையில் பிரான்சின் பங்கை ஆராய வரலாற்றாளர் குழுவொன்றை 2019-இல் அமைத்து, கடுமையான முடிவுகளைக் கொண்ட அதன் அறிக்கையை 2021 மார்ச்சில் பெற்று வெளியிட்டது. பதக்கமும் விசாரணையும் ஒரே நாட்டில் அருகருகே இருக்க முடியும் என்றால், எங்கள் பாட்டன்மார் நின்ற இடங்களுக்கும் அந்த நேர்மை பொருந்தும்.

இது முடிந்துபோன காலத்தைப் பற்றிய கோரிக்கை மட்டுமன்று. ஒப்படைப்புக்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்களிலிருந்து இளைஞர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். பதக்கமும் சாட், லெபனான், ஸயீர், ஓர்மூஸ், சாஹேல் எனப் புதிய பட்டைகளைப் பெற்றுக்கொண்டே வந்திருக்கிறது. இந்தத் தலைமுறையினரின் ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சில் வளர்கிறார்கள். புதுச்சேரியில் இருந்த முதல் சொல்தாவோடு தங்களை இணைக்கும் தாள் ஒன்றும் அவர்கள் கையில் இல்லை.

நடைமுறையில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், போ நகரக் காப்பகத்தில் பிறந்த ஊர் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எனக் குறிக்கப்பட்ட கோப்புகளைத் தனியே பிரிப்பதிலிருந்து தொடங்கலாம் என்பேன். தனிமனித இரகசியம் காக்கும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு, பதக்கம் வழங்கப்பட்ட நாள், பட்டையின் பெயர் ஆகியவற்றை மட்டும் வெளியிட்டாலே போதும். மருத்துவக் குறிப்பும் தண்டனைக் குறிப்பும் எங்களுக்கு வேண்டாம். பெயர்களைப் பிரெஞ்சு எழுத்திலும் தமிழ் எழுத்திலும் தர வேண்டும், ஏனாமைப் பொறுத்தவரை தெலுங்கிலும் மாஹேயைப் பொறுத்தவரை மலையாளத்திலும் தருவதே முறை. பணிவரலாற்றுச் சான்றின் படியைக் கேட்கும் விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பிப் புதுச்சேரியிலேயே கொடுக்க வழி செய்யுங்கள். வாழ்ந்தபோது பதக்கத்துக்குத் தகுதி பெற்றிருந்தும் ஏதோ காரணத்தால் அது வந்து சேராதவர்கள் கோப்புகளைத் தேடும்போது தென்படுவார்கள் என்று நம்புகிறேன். அவர்களைப் பற்றி விதிகளுக்கு உட்பட்டு முடிவெடுத்து, குடும்பத்துக்குக் குறைந்தது ஒரு கடிதமாவது அனுப்ப வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் வேலை உண்டு என்பதை அறிவேன். தத்தம் வீட்டிலுள்ள பதக்கம், பட்டை, புகைப்படம், ஓய்வூதியத் தாள் ஆகியவற்றைப் படியெடுத்து ஓரிடத்தில் சேர்க்கும்படி சொல்தா குடும்பங்களை இம்மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த மூத்தோர் முன்வந்தால், பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை ஊதியமின்றிச் செய்ய என்னைப் போன்ற பலர் ஆயத்தமாக இருக்கிறோம். கோப்புகளைத் திறப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பதிலைப் புதுச்சேரி துணைத் தூதரகத்தின் வழியாக, பிரெஞ்சிலும் தமிழிலும், எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டுகிறேன்.

மதிப்புடன்,
சொல்தா ஒருவரின் பேரன்,
புதுச்சேரி